லாரி நெற்றியில் எழுதிய பாஸ்வேர்டு

1

நாங்கள் டார் எஸ் சலாமுக்கு வந்து இந்த மாதத்தோடு ஒரு மாமாங்கம் முடிகிறது. ஊரில் இருந்திருந்தால் இதற்கும் யாராவது ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து முச்சந்தியில் கட்டியிருப்பார்கள். இங்கே என் கணவர் ஒரு தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்து, "பன்னெண்டு வருசம் ஆயிப்போச்சு, அறு" என்று மேசை மேல் வைத்தார். யார் அறுப்பது என்று ஒரு சண்டை, கொண்டாட்டம் அத்தோடு முடிந்தது.

தான்சானியாவில் உங்களுக்கு என்ன வேலை என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். கேட்கும்போதே அவர்கள் கண்ணுக்குள் ஒரு சிங்கம் ஓடுவது தெரியும். சிங்கத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் கணவர் திருச்செங்கோட்டுக்காரர். போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். உலகத்தில் எங்கே தண்ணீர் கிடைக்கவில்லையோ அங்கே ஒரு திருச்செங்கோட்டுக்காரர் இரும்புக் குழாயோடு போய் நிற்பார். நான் ராசிபுரம் பக்கம் வெண்ணந்தூரில் பிறந்தவள், இங்கே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். இடுப்பில் வைத்துத் தூக்கி வந்த எங்கள் மகள் தரணி இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். ஆங்கிலத்தில் சண்டை போடுவாள், சுவாஹிலியில் சிரிப்பாள், பசித்தால் மட்டும் தமிழுக்கு வருவாள்.

2

மாமாங்கம் ஆனாலும் இங்கே தங்குவதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்கும் ஆபீசில் நான் இன்னும் புதுப்பெண்தான். எங்கள் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர் என்பது அவர்களுக்குத் தீராத சந்தேகம். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா, கணவர் பெயருக்குப் பின்னால் அவர் அப்பா, தரணி பெயருக்குப் பின்னால் அவள் அப்பா. "நீங்கள் மூவரும் நிஜமாகவே ஒரே குடும்பமா?" என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் கேட்பார். தர்பூசணிச் சண்டையை நேரில் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

ஒருமுறை அந்த ஆபீஸ் ஜன்னலில் இருந்த பையனுக்கு 'ஷிக்காமூ' என்று வணக்கம் வைத்துவிட்டேன். அது சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம். உங்கள் பாதம் பணிகிறேன் என்று ஏறக்குறைய அர்த்தம். அவனுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. பின்னால் நின்ற வரிசை மொத்தமும் சிரித்தது. தொட்டில் குழந்தைக்கும் 'ங்க' போட்டுப் பேசும் ஊரிலிருந்து வந்தவளுக்கு மரியாதையை எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

இணையத்தில் கணக்குத் தொடங்கும்போதும் இதே தொல்லைதான். 'உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?' என்று பாதுகாப்புக் கேள்வி கேட்கும். எங்கள் அம்மாக்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. தெரிந்த சொந்தக்காரர்களை விசாரித்துப் பார்த்தேன். பாதிப் பேர் 'சேலம்' என்றும் மீதிப் பேர் 'நாமக்கல்' என்றும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

3

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு வாரம், இணையத்தில் பத்திரமாகவும் பொறுப்பாகவும் இருப்பது எப்படி என்று பாடம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால் அது என் தலையில் விழுந்தது. இப்போது எனக்கு மிகவும் பிடித்த வாரம் அதுதான். பாஸ்வேர்டுக்கு சுவாஹிலியில் 'நெனோசிரி', ரகசிய வார்த்தை. அதில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது, பிறந்த நாள் இருக்கக்கூடாது, நாய்க்குட்டியின் பெயரும் இருக்கக்கூடாது என்றேன். "அப்புறம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது, ம்வாலிமு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ம்வாலிமு என்றால் டீச்சர். ஒருவருக்கும் அர்த்தமாகாத ஒரு முழு வாக்கியமாக வையுங்கள் என்றேன். "என் அப்பா பேசுவதெல்லாம் அப்படித்தான்" என்றாள் ஒருத்தி.

ஒருவர் முகத்துக்கு நேரே நின்று சொல்ல முடியாததை அவரைப் பற்றி எழுதாதே. கேட்காமல் அடுத்தவர் படத்தைப் போடாதே. உனக்கு ஏதாவது கெட்டது வந்தால் பதில் எழுதாதே, அதைப் படம் பிடித்து வை, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் போய்ச் சொல். வருடம் முழுக்கச் சொன்னாலும் சாராம்சம் இவ்வளவுதான்.

இந்தமுறை கடைசியில் ஒரு பயிற்சி வைத்தேன். "எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அந்த நம்பிக்கையான பெரியவர் யார் என்று மனதுக்குள் நினையுங்கள். வெளியே சொல்ல வேண்டாம்." தரணியும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள், பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போனால் நான் அவளுக்கு வெறும் மேடம். எல்லாரும் கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அந்த ஃபேனைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தேன்.

4

அந்த வாரம் முடிந்த சனிக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது யாழினியிடமிருந்து வீடியோ கால் வந்தது. யாழினி என் அண்ணன் மகள், பத்தாம் வகுப்பு, பள்ளிக் கோ-கோ அணியின் கேப்டன். அண்ணன் வெண்ணந்தூரைத் தாண்டி ராசிபுரம் ரோட்டில் வீடு கட்டியிருக்கிறார். அவருக்கும் ரிக் வண்டிதான் தொழில்.

"அத்தை, பக்கத்துல மாமா இருக்காருங்களா?"

"இல்ல சாமி, சைட்டுக்குப் போயிருக்காரு. என்ன குரலு ஒரு மாதிரி இருக்குது?"

"நீங்க தனியா ஒரு ரூமுக்குப் போயிருங்க அத்தை."

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் அவள் சொன்னாளே என்று அரிசி மூட்டை இருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

விஷயம் இதுதான். பள்ளிப் பேருந்தில் கணக்கு டீச்சர் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் படம் ஒன்று, கீழே நாலு மட்டமான வார்த்தைகளோடு, யாழினியின் இணையக் கணக்கில் வந்திருக்கிறது. யாழினி அதைப் போடவில்லை. அன்றைக்கு அவள் கோ-கோ மேட்சுக்காக சேலத்தில் இருந்தாள். போன் வீட்டில் இருந்தது. திரும்பி வந்து பார்ப்பதற்குள் பள்ளி முழுக்கப் பார்த்தாகிவிட்டது. பதறிப்போய் அழித்திருக்கிறாள். அழித்ததே அவள்தான் போட்டாள் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

"மண்டே அப்பாவக் கூட்டிட்டு வரோணும்னு எச்.எம். சொல்லிட்டாங்க. நீங்க ஒரு போன் போட்டு, நான்தான் கார்டியன்னு பேசறீங்களா அத்தை? நீங்களும் டீச்சருதானே, உங்களை நம்புவாங்க."

ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைப்பானேன். அடுத்த நொடி, "அப்பாகிட்டச் சொல்லலாமே?" என்றேன்.

"அய்யோ, வேண்டாங்க அத்தை."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வரைக்கும் கூட்டிப்போய் அந்தப் போனை வாங்கிக் கொடுத்த அன்றைக்கே அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் காதிலும் அது விழும். "போன்ல ஏதாச்சும் வம்புன்னு என்ற காதுல உழுந்துச்சு, அன்னைக்கே போனு கெணத்துக்குள்ள, புள்ளை ஆஸ்டலுக்குள்ள." ஆஸ்டல் என்றால் நாமக்கல் பக்கம் அவர் மனதில் வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே படிப்பு உண்டு, அதற்குப் பிறகும் படிப்பு உண்டு, கோ-கோ கிடையாது.

அது சும்மா மிரட்டல் என்று யாழினி நினைக்கவில்லை. நினைக்க முடியாதபடி அவர்கள் தெருவிலேயே ஒன்று நடந்திருந்தது. ஒரு பெண்ணுக்கு எவனோ தொடர்ந்து அசிங்கமாகச் செய்தி அனுப்ப, அவளே அழுதுகொண்டு போய் வீட்டில் சொன்னாள். மறுநாள் போனும் இல்லை, அந்த வாரத்திலேயே பள்ளிக்கூடமும் மாறிவிட்டது. அனுப்பியவன் நன்றாக இருக்கிறான், தண்டனை சொன்னவளுக்கு. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் போய், பெரியவர்களிடம் சொல் என்று நாம் பாடம் எடுக்கிறோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

5

முதலில் கையில் இருக்கும் வேலையைப் பார்ப்போம் என்று டீச்சர் வேஷத்தைப் போட்டுக்கொண்டேன். எந்தெந்த போனிலிருந்து உன் கணக்குக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று இருக்கும், திற என்றேன். திறந்தாள். அவளுடையது அல்லாத ஒரு போன் அதில் இருந்தது, மேட்ச் அன்றைக்குத்தான் நுழைந்திருந்தது. அதைப் படம் பிடிக்கச் சொன்னேன். பிறகு அந்தப் போனை வெளியே தள்ளி, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். யாராக இருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "நானும் அவளப் பத்தி ஒண்ணு எழுதிப் போட்டுருட்டுங்களா?" என்று கேட்டாள். "போட்டுப் பாரு, நானே ஃப்ளைட் புடிச்சு வந்து ஆஸ்டல்ல உட்டுட்டுப் போறேன்" என்றேன். அவள் அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

"சரி, உன்ற பழைய பாஸ்வேர்டு ஆருக்குத் தெரியும்?"

"ஆருக்குமே தெரியாதுங்க அத்தை. சத்தியமா."

"என்னன்னு வெச்சிருந்தே?"

"என்ற பேரும்... அப்பறம் வண்டி நம்பரும்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க அரிசி மூட்டை மேல் உட்கார வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து ரிக் வண்டியையோ லாரியையோ பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்கு மேலே வண்டியின் நெற்றியில் வீட்டுப் பிள்ளையின் பெயர், மஞ்சளும் சிவப்புமாக, நிழல் விட்டு எழுதியிருக்கும். அண்ணன் வண்டியில் 'யாழினி' என்ற பெயர் எதிரே வரும் பஸ் டிரைவருக்கு அடுத்த வளைவிலிருந்தே தெரியும். அதற்குக் கீழே வண்டி நம்பர், பக்கவாட்டில் இன்னொரு தரம் நம்பர், பின்னால் இன்னொரு தரம். மழைக்காலத்தில் போர் வேலை இருக்காது என்பதால் வண்டி வீட்டு முன்னால்தான் நிற்கும். பள்ளிப் பேருந்து தினமும் அதை உரசிக்கொண்டுதான் போகிறது. பேருந்தில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் காலையும் மாலையும் அவள் பாஸ்வேர்டைப் படித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பூட்டைப் பூட்டிவிட்டு சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த கணவரிடம் காரணம் எதுவும் சொல்லாமல், "உங்க ஈமெயிலுக்கு என்ன பாஸ்வேர்டு?" என்று மட்டும் கேட்டேன். இங்கே எங்கள் ரிக் வண்டியின் நெற்றியிலும் 'தரணி' என்று தமிழில் எழுதித்தான் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். கையைக் கழுவினார். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் நெடுநேரம் எதையோ மாற்றிக்கொண்டிருந்தார்.

சிரிப்பெல்லாம் சரி, திங்கள்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. நானே அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால், யாழினி இனி எந்தக் காலத்திலும் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். கார்டியன் என்று பொய் பேசினால், அண்ணனுக்குத் தெரியவருகிற அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் கதையும் முடிந்தது. அவளைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு சாமி. நான் கூட இருக்கறேன்" என்றேன்.

"போன்லதானே இருப்பீங்க."

சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமாக நான் எல்லா நல்லது கெட்டதுக்கும் போனில்தான் இருக்கிறேன். கல்யாணத்துக்கும் போனில், சாவுக்கும் போனில். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் வலித்தது.

"ஆமா சாமி, போன்லதான்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க அத்தை. ஆனா நான் சொல்லி முடிக்கற வரைக்கும் கட் பண்ணிராதீங்க" என்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணி தம்மம்பட்டிக்கு அவர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். அண்ணன் வண்டிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். பக்கத்து வீட்டுத் தறி சத்தம் போனில் நன்றாகக் கேட்டது.

"அண்ணா, பாப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாம். அவ சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கப்படாது."

"என்ன அம்மிணி, டீச்சராட்டம் பேசற?"

"டீச்சர்தானுங்ணா."

யாழினி போனை டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாவுக்கு எதிரே நின்று சொன்னாள். படம், டீச்சர், அழித்தது, எச்.எம். கூப்பிட்டது, ஒன்றையும் விடவில்லை. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. கோ-கோ கேப்டன் இல்லையா! அண்ணன் கையிலிருந்த துணி அசையவே இல்லை.

அவள் முடித்ததும் ஆரம்பித்தார். என்ன வைதார் என்று இங்கே எழுதினால் எனக்கு நானே எடுத்த பாடத்தை மீறியதாகும். போன் நல்லதில்லை, காலம் நல்லதில்லை, பள்ளிக்கூடம் நல்லதில்லை, வாங்கிக் கொடுத்த அவர் புத்தியும் நல்லதில்லை. யாழினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். நான் கட் பண்ணாமல் இருந்தேன்.

மூச்சு வாங்க நிறுத்தியவர், "அதெப்படி இன்னொருத்தி உள்ளார வந்தா? பாஸ்வேர்டு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

யாழினி சொன்னாள். அண்ணன் வாசலுக்குப் போனார். வண்டியின் முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்க்கிறார் என்று யாழினி ஜன்னலிலிருந்து எனக்குக் கிசுகிசுத்தாள். திரும்பி வந்தபோது குரல் பாதியாகியிருந்தது.

"அம்மிணி, என்ற பேங்கு ஆப்புக்கும் அதேதான் வெச்சிருக்கறேன்."

"மொதல்ல அத மாத்துங்ணா."

"மாத்தறேன், மாத்தறேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "ஏஞ் சாமி எங்கிட்ட மொதல்ல சொல்லலே? பக்கத்து ரூம்ல கெடக்கறவன உட்டுப்போட்டுக் கடல் தாண்டிப் போயிருக்கற."

"ஆஸ்டல்ல போட்டுருவேன்னு சொன்னீங்கல்லப்பா."

கிரீஸ் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார் என் அண்ணன். நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் யாழினியும் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

"நான் வையத்தான் வைவேன் சாமி. என்ற வாயி அப்படி, இனிமே அத மாத்த முடியாது. ஆனா வஞ்சுட்டு வந்து உன்ற கூட நிப்பேன். நான் வையறதுக்குப் பயந்துட்டு நீ தனியா நிக்கப்படாது."

ஆஸ்டல் என்ற வார்த்தை அதற்குப் பிறகு வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எங்கள் அண்ணன் அவ்வளவு சீக்கிரம் வாபஸ் வாங்குகிற ஆள் இல்லை. நாளைக்கு ஸ்கூலில் என்ன பேசுவது என்று என்னிடம் கேட்டார். இன்னொரு போன் நுழைந்ததற்கான படத்தைக் காட்டுங்கள், விசாரிக்கச் சொல்லுங்கள், யார் என்று தெரிந்தாலும் அந்தப் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தச் சொல்லாதீர்கள், கத்தாதீர்கள் என்றேன்.

"கத்தாமயா?"

"கத்தாமத்தானுங்ணா."

பெரிய தண்டனை விதித்தது போல என்னைப் பார்த்தார்.

7

போனை வைத்துத் திரும்பினால் தரணி கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"மாமா கோபமா இருந்தாரா, அழுதாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ரெண்டும்."

"நீயும் அப்படித்தான் பண்ணுவே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ கத்த ஆரம்பிச்சா எவ்வளவு நேரம் கத்துவே?" என்று கேட்டாள்.

"ஒரு பத்து நிமிஷம்?"

"ஓக்கே" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பத்து நிமிடத்தை எதற்காகக் கணக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. துரத்திப் போய்க் கேட்டுவிடலாம் என்று கால் பரபரத்தது. கேட்டால் ஓடிவிடுவாள் என்று இருந்துவிட்டேன். தோசைக்கல்லைப் போட்டேன், வாசனைக்குத் தமிழ் பேசிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் வகுப்பில் ஒரு வரியை மட்டும் திருத்திச் சொன்னேன். நம்பிக்கையான பெரியவர் என்றால் திட்டவே திட்டாதவர் என்று அர்த்தமில்லை. அவர் திட்டினால் திட்டி முடிக்கட்டும், நீ சொல்ல வந்ததைச் சொல்லாமல் இடத்தை விட்டு நகராதே என்றேன். "முடிக்கவே இல்லை என்றால்?" என்று கேட்டான் ஒருவன். "என்னிடம் வா" என்றேன். தரணி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

8

எங்களுக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். எங்கள் பள்ளி முடிவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். மத்தியானம் முழுக்க நான் என்ன பாடம் எடுத்தேன் என்று என் மாணவர்களைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கால் வந்துவிட்டது. அண்ணன் வெள்ளைச் சட்டையில் இருந்தார். பெண் பார்க்கப் போவதற்கும் பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போவதற்கும் மட்டும் அவர் எடுக்கும் சட்டை அது.

"கத்தலே அம்மிணி. வாயி வரைக்கும் வந்துச்சு, ஆனா கத்தலே."

எச்.எம். ஆரம்பத்தில் பிடிகொடுக்கவில்லையாம். கணக்கு யாழினி பெயரில் இருப்பதால் பொறுப்பும் அவளுடையதே, இந்த வருடம் கோ-கோ அணியில் இருக்க வேண்டாம் என்று தீர்ப்பையே எழுதிவிட்டாராம். அண்ணன் படத்தைக் காட்டியிருக்கிறார். மேட்ச் நாளைச் சொல்லியிருக்கிறார். விசாரிக்கிறேன் என்று எச்.எம். சொன்ன பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிப் பேருந்தின் பின் சீட்டில் உட்கார்ந்து வரும் ஒரு பிள்ளை தானாகவே போய் எச்.எம். அறைக் கதவைத் தட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. கோ-கோ அணி தப்பித்தது.

"ஆருன்னு அவங்க சொல்லலே, நானும் கேக்கலே. அதும் ஒருத்தரு ஊட்டுப் புள்ளைதானே. அந்தப் புள்ளை ஊட்லயும் வஞ்சுட்டு உட்டுருங்கன்னு மட்டும் சொல்லீட்டு வந்தேன்."

யாழினி கணக்கு டீச்சரிடம் போய், நான் எழுதவில்லை, ஆனால் என் கணக்கை நான் ஒழுங்காகப் பூட்டி வைக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நெசமாவே நான் அப்படித்தான் தூங்கறனா?" என்று மட்டும் கேட்டாராம்.

அண்ணன் சொல்லி முடித்ததும் யாழினி போனை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். இந்த முறை என்னைத் தனி அறைக்குப் போகச் சொல்லவில்லை.

"அத்தை, அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம உட்டுட்டாருங்க. எச்.எம். கேட்டாங்க, உங்க பொண்ணு உங்ககிட்ட நெசத்தத்தான் சொல்லுதுன்னு எப்படிங்க நம்பறீங்கன்னு. அதுக்கு அப்பா, 'என்ற புள்ளை எழுதலீங்க. எழுதியிருந்தா, எழுதிட்டேன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருப்பா. எதுவா இருந்தாலும் அவ மொதல்ல எங்கிட்டத்தான் சொல்லுவா'ன்னாரு."

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

"அது பொய்யிங்களே அத்தை. நான் உங்ககிட்டத்தானே மொதல்ல சொன்னேன்."

"ஆமா சாமி."

"பொய்யின்னு அப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சுட்டேதான் அத்தன டீச்சருங்களுக்கு முன்னால சொன்னாரு."

"ஆமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு யாழினி சொன்னாள்:

"இனிமே உங்கள ரெண்டாவதாத்தான் கூப்புடுவேன் அத்தை. கோவிச்சுக்காதீங்க."